தீவாந்தரம் போனவளுக்கு வழித்தோன்றல் யார்?

சேர்வராயன் மலைக்குடிகளிடையே ஒரு குலமுதற்கதை வழங்குகிறது. காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்தனராம். மூத்தவன் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலே தங்கினான். நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர். அவர்தம் வழிவந்தோரே 'மலையாளி' என்று பெயர் பெற்ற மலைமக்கள் என்று முடிகிறது கதை. ஆங்கில அதிகாரிகள் ஏட்டில் ஏற்றிவைத்த வடிவில் அண்ணன்மார் மூவர்க்கும் பெயர் இருக்கிறது. அவர்கள் மணந்த பெண்களுக்கு? குலம் குறிக்கப்பட்டிருக்கிறது, பெயர் இல்லை.

அதே மலையில், ஏற்காட்டில், 'லேடீஸ் சீட்' என்றொரு பாறைமுகடு உண்டு. மாலைக் கதிரவன் மறையும் காட்சியைக் காண ஓர் ஆங்கிலச் சீமாட்டி அங்கே வந்து அமர்வது வழக்கமாம். ஆகவே அந்த இடத்துக்கு அவள் நினைவாகப் பெயர். 1820-களில் அங்கே காப்பிப் பயிரை ஊன்றிய சேலம் ஆட்சியர் காக்பர்னுக்கு 'ஏற்காட்டின் தந்தை' என்று பட்டம். அண்ணன்மார் இருக்கின்றனர், தந்தை இருக்கிறார், காற்று வாங்க வந்த சீமாட்டியும் இருக்கிறாள். காப்பிக்கொட்டை பறித்தவள் இல்லை. அவள் தாயும் இல்லை, தாயின் தாயும் இல்லை.

மரபு என்று நாம் போற்றுவது நினைவின் தொகுப்பு மட்டுமன்று, மறதியின் தொகுப்புமாகும். எவரை நினைக்க வேண்டும் என்று குடும்பம் தீர்மானிக்கும்போதே, எவரை மறக்க வேண்டும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. குலப்பெருமை பேசுவோர் வீட்டில் மூவேந்தர் வழி என்பார்கள், முனிவர் கோத்திரம் என்பார்கள். "எங்கள் பாட்டியின் பாட்டி தீவாந்தர தண்டனை பெற்றவள்" என்று சொன்ன குடும்பத்தைக் கண்டதுண்டா? கப்பலேற்றப்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஏற்றிக்கொள்ளும் குலவரிசைதான் இல்லை.

மறைக்கப்பட்ட அந்த மூதாட்டியைத் தேடி எழுதும் ஒருவகை இலக்கியம் உலகில் வளர்ந்திருக்கிறது. அதன் நிறையையும் குறையையும் எடைபோட்டு, நம் நாட்டில் அதைச் செய்வது எவ்வாறு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகை நூல்களில் முதலில் சொல்லத்தக்கது ஆஸ்திரேலிய எழுத்தாளர் பேபெட் ஸ்மித் 1988-இல் வெளியிட்ட நூல். 'ஒரு கப்பல் நிறையப் பெண்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தம் முன்னோரைத் தேடிப் புறப்பட்ட அவர், சூசன்னா வாட்சன் என்ற மூதாட்டியைக் கண்டார். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்துச் சேரியில் வறுமையில் உழன்றவள், திருடினாள், பிடிபட்டாள், பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் தீர்ப்பாயிற்று. 1829-இல் 'பிரின்சஸ் ராயல்' என்னும் கப்பல் அவளைச் சிட்னியில் கொண்டு சேர்த்தது. கணவனும் பிள்ளைகளும் அக்கரையிலேயே நின்றுவிட்டனர். அவர்களை அவள் மறுபடி காணவில்லை.

இந்நூலின் முதற்சிறப்பு, ஆசிரியர் தம் பாட்டியைத் தனியே பீடத்தில் ஏற்றி வைக்காமை. அதே கப்பலில் வந்த நூறு பெண்களையும் அவர் தேடினார். எங்கே பிறந்தார்கள், எதைத் திருடினார்கள், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், யாரை மணந்தார்கள் என்று ஏடு ஏடாகப் புரட்டினார். ஒருத்தியின் கதையாக இருந்திருந்தால் அது கண்ணீர்க் காவியமாகிப் போயிருக்கும். நூறு பேரின் கதையானதும் ஒரு சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகிவிட்டது. இரண்டாவது சிறப்பு, "அவள் கெட்டவளா நல்லவளா?" என்ற சின்னக் கேள்வியோடு நில்லாமை. பசித்த பிள்ளைகள் ஒருபுறம், துணித்திருட்டுக்குக் கடல்கடந்த தண்டனை மறுபுறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்காட்டுகிறார். தீர்ப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறார். மூன்றாவது சிறப்பு, தண்டனையோடு கதையை முடிக்காமை. சூசன்னா அந்தப் புதுமண்ணிலே வாழ்ந்து 83 வயதில் இறந்தாள். அவள் வாழ்வில் குற்றம் என்பது ஒரு நாள். உழைப்போ பல பத்தாண்டுகள்.

இத்தகைய நூல் அங்கே எழுந்தது எளிதாக அன்று. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,60,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர்களுள் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் நீண்டகாலம் அதனைப் 'பிறப்புக் கறை' என்று மறைத்தனர். அந்த மறைப்பின் வரலாற்றையே பேபெட் ஸ்மித் 2008-இல் வேறொரு நூலாக எழுதினார். இன்று நிலை தலைகீழ். கைதிப் பதிவேடுகள் 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறின. ஹோபர்ட் நகரத்தில் பெண் கைதிகள் அடைக்கப்பட்ட காஸ்கேட்ஸ் தொழிற்சிறை, 2010-இல் ஏனைய கைதித்தலங்களோடு உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மறைத்த பெயரை இப்போது மார்தட்டிச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் திறனாய்வாளன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெட்கம் பெருமையாக மாறினால் போதுமா? "என் பாட்டி கைதி, அவள் வழியில் வந்த நான் இன்று செல்வன்" என்று முடியும் நூல்கள் பல. பழைய குலப்பெருமைக்கு அவை புதுச்சட்டை மாட்டுகின்றன. அரசன் இருந்த இடத்தில் கைதி வந்தாள். ஆனால் மையத்தில் அமர்ந்திருப்பவர் அதே வழித்தோன்றல்தான். அன்றியும், கைதிகளை இறக்க இடம் வேண்டுமென்று, பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணில் வாழ்ந்த பழங்குடிகளின் நிலம் பறிக்கப்பட்டதே, அதைச் சொல்லாத மூதாட்டி வரலாறு பாதி வரலாறே ஆகும். ஒடுக்கப்பட்டவள் என் பாட்டி என்று சொல்லும் வாய், அவள் கால் வைத்த மண் யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம்.

சூசன்னாவின் கப்பலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1825 ஏப்ரல் 18-ஆம் நாள், பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு கப்பல் வந்தது. இந்தியக் கைதிகளின் முதற்கூட்டம் அது. சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். அக்கூட்டத்தில் பெண்ணும் இருந்தாள். அவ்வாறு வந்து சேர்ந்த கைதிகளின் கைகள் பின்னாளில் சிங்கப்பூரின் சாலைகளை அமைத்தன. புனித ஆண்ட்ரூ பேராலயத்தை எழுப்பின. பேராலயத்துக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. சென்னையிலிருந்து கொண்டு செல்லப்பட்ட அந்தப் பெண்ணின் பெயரைத் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிப் பாடம் சொல்கிறது?

நாம் 'தலையெழுத்து' என்று பேசுகிறோம். பிரமன் எழுதியது, அழிக்க முடியாதது என்பார்கள். கும்பெனி ஆட்சிக்காலத்தில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் மெய்யாகவே ஒரு தலையெழுத்து இருந்தது. ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினார்கள். 1849-இல்தான் அக்கொடுமை சட்டத்தால் ஒழிந்தது. எழுதியவன் பிரமன் அல்லன், சிறை ஊழியன். எழுதுகோல் விதியன்று, ஊசி! மனிதன் எழுதியதை மனிதன் ஒழித்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எதற்கு?

1858 மார்ச்சில் அந்தமானில் கைதிக் குடியிருப்புத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பெண்களும் அனுப்பப்பட்டனர். அவர்களிலே பலர் கணவனைக் கொன்றதாகவும், பெற்ற குழந்தையைக் கொன்றதாகவும் தீர்ப்புப் பெற்றவர்கள். அந்த இரண்டாவது குற்றத்தின் உள்ளே நுழைந்து பார்த்த ஒருவர் அக்காலத்திலேயே இருந்தார். மராட்டியத்தின் ஜோதிராவ் பூலே. 1884 டிசம்பர் 4-ஆம் நாள் அரசாங்கத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் காசிபாய் என்ற பெண்ணின் கதை வருகிறது. என் மதிப்பில், இந்திய மண்ணில் எழுந்த கைதிப்பெண் வரலாறுகளுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது அந்தச் சிறு பகுதி.

காசிபாய் இளம் கைம்பெண், பார்ப்பனக் குலத்தினள், ஏழை. புனாவில் பூலேயின் நண்பர் கோவண்டே வீட்டில் சமையல் வேலை செய்து வயிறு வளர்த்தாள். அண்டைவீட்டுச் சாஸ்திரி ஒருவன் அவளை வயப்படுத்தினான். கருவுற்றாள். கருவைக் கலைக்கச் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. சாஸ்திரி கைவிட்டான். ஆண்குழந்தை பிறந்தது. ஊரார் பழிக்கு அஞ்சிய அவள் அந்தப் பச்சிளங்குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டாள். காவலர் வந்தனர், வழக்கு நடந்தது, ஆயுள் முழுதும் அந்தமான் என்று தீர்ப்பாயிற்று. அது 1863-ஆம் ஆண்டு. கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் பிறந்து ஏழாண்டு ஆகியிருந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது. சாத்திரம் வீட்டிலே இருந்தது. வென்றது வீட்டிலே இருந்தது.

குழந்தையைக் கொன்றது குற்றமன்று என்று எவரும் வாதாட வேண்டா. பேசத் தெரியாத ஓர் உயிர் அங்கே அழிந்தது. அதை மழுப்பும் எழுத்து நேர்மையற்ற எழுத்து. ஆனால் கூண்டிலே நின்றவர் எத்தனை பேர்? ஒருத்தி. நிற்க வேண்டியவர் எத்தனை பேர்? உறவாடிக் கைவிட்டவன் நின்றானா? சிறுவயதிலே தாலியறுத்து, மறுமணம் பாவம் என்று விதித்த நூல் நின்றதா? மறுமணம் கேட்டால் ஒதுக்குவோம், கருவுற்றால் ஒழிப்போம் என்று இருபக்கமும் கதவடைத்த ஊர் நின்றதா? நீதிமன்றம் கையைத்தான் பிடித்தது. கையைத் தள்ளிய கைகளை அது கேட்கவில்லை.

பூலேயின் எழுத்து ஏன் இலக்கியமாகிறது? அவர் அழவில்லை, பழிக்கவில்லை. யார், எங்கே, எவன் வீட்டு அண்டையில், என்ன நடந்தது என்று அடுக்கிச் சொல்கிறார். அந்த அடுக்கே குற்றப்பத்திரிகையாகிறது. சொல்லி முடித்து, அதற்கு மேல் தாம் செய்ததையும் சொல்கிறார்: அதே 1863-இல் அவரும் சாவித்திரிபாயும் தம் வீட்டிலேயே கைம்பெண்களுக்கான மகப்பேற்று இல்லத்தைத் திறந்தனர். "இங்கே வந்து மறைவாகப் பெற்றுக்கொள்ளலாம், குழந்தையை எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் உங்கள் விருப்பம்" என்ற பொருளில் புனாவின் தெருமூலைகளில் அறிவிப்பு ஒட்டினர். 1884-க்குள் 35 கைம்பெண்கள் அங்கே வந்து பெற்றனர். தம்மைச் சூத்திரர் என்று இழித்த குலத்துப் பெண்களுக்குத்தான் அந்தக் கதவு முதலில் திறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பழி தீர்ப்பவன் சீர்திருத்தக்காரன் அல்லன்.

அடுத்து வந்தது சூரத் நகரத்து விஜயலட்சுமி வழக்கு, 1881-இல். அவளும் கைம்பெண், அவள்மீதும் அதே குற்றம். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது; முறையீட்டில் ஆயுள் நாடுகடத்தலாக மாறியது; பின்னர் ஐந்தாண்டாகக் குறைந்தது. செய்தித்தாளொன்று இதைச் சாக்காக வைத்துப் பெண்குலத்தையே தூற்றிற்று. புல்டாணாவில் வாழ்ந்த தாராபாய் ஷிண்டே பொங்கியெழுந்தார். 1882-இல் அவர் மராத்தியில் எழுதி வெளியிட்ட 'ஸ்திரீ புருஷ் துலனா', பெண்ணையும் ஆணையும் தராசில் நிறுத்தும் சிறுநூல். பெண்ணுக்கு ஒட்டவைக்கப்பட்ட குற்றம் ஒவ்வொன்றையும் எடுத்து, இதே குற்றம் ஆணிடம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே போகிறார். விஜயலட்சுமியின் வாழ்க்கைக் குறிப்பு அதில் இல்லை. ஆனால் அவள்மீது எழுதப்பட்ட தீர்ப்புக்கு மறுதீர்ப்பு இருக்கிறது.

இங்கே ஒரு பெரிய வேறுபாடு நம் கண்முன் நிற்கிறது. சூசன்னாவுக்குக் கொள்ளுப்பேத்தியர் வழியில் ஒரு பேபெட் ஸ்மித் கிடைத்தார். காசிபாயின் குழந்தை கிணற்றில் முடிந்தது. அவளைத் தேடிவரப் புனாவில் அவள் மரபு இல்லை. குடும்பம் அவளைக் குடும்பமென்று ஏற்றிருந்தால் அவள் கப்பலேறியிருக்கவே மாட்டாள். குருதிவழியே மூதாட்டியைத் தேடும் இலக்கியம் இவ்விடத்தில் வாயடைத்து நின்றுவிடுகிறது. அப்படியாயின் அவளுக்கு வழித்தோன்றல் யார்?

பூலே இணையர் செயலால் விடை தந்தனர். 1874-இல் தம் இல்லத்தில் ஒரு கைம்பெண் பெற்ற ஆண்குழந்தையை அவர்கள் மகனாக ஏற்றனர். யஷ்வந்த் என்று பெயரிட்டனர். அவன் வளர்ந்து மருத்துவனானான். 1863-இல் கிணற்றில் வீழ்ந்த குழந்தைக்கு 1874-இல் தொட்டில் கட்டப்பட்டது. காசிபாயைப் பெற்றவர்களும் அல்லர், அவள் பெற்றவர்களும் அல்லர். ஆயினும் அவள் வாழ்வின் பொருளை உணர்ந்து அதற்குரிய கடமையை ஏற்றவர்கள் அவர்களே. அறிவுவழி வந்த மரபு இது.

அந்தமானிலே நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண் கைதிகள் தனிச்சிறையில் சில ஆண்டுகள் வேலை செய்தபின், நன்னடத்தைச் சீட்டுப் பெற்ற ஆண் கைதிகளை மணக்க அனுமதிக்கப்பட்டனர். பெண்களை வரிசையாக நிறுத்தி, ஆண்கள் வந்து தெரிந்தெடுக்கும் முறை இருந்தது. சந்தை போன்ற இழிவு அது; மறுக்க வேண்டா. ஆனால் அவ்வாறு அமைந்த குடும்பங்களில் சாதியும் மதமும் மொழியும் கலந்தன. அவர்தம் வழியினர் 'லோக்கல் பார்ன்' என்று, அத்தீவிலே பிறந்தோராக, அழைக்கப்பட்டனர். ஆயிரம் ஆண்டுச் சாதிக்கட்டு, கடல் கடந்த சில பத்தாண்டுகளில் தளர்ந்தது! ஆட்சியாளர் அறம் கருதிச் செய்ததன்று, ஆள்பற்றாக்குறைக்காகச் செய்தது. எனினும் கட்டு தளரக்கூடியதே என்பது மெய்ப்பட்டது. ஆங்கே செல்லுலார் சிறை 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. விடுதலைப் போராட்ட வீரர்கள் நினைக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் அச்சிறை எழும்புவதற்கு நாற்பது ஆண்டு முன்பே அத்தீவுக்கு அனுப்பப்பட்ட காசிபாயை நாட்டு நினைவில் வைப்பார் யார்?

மறுபடியும் சேர்வராயன் மலைக்கு வருவோம். பெண்ணின் பெயரைக் குலக்கதையில் விட்டுவிட்ட அதே மலைக்குடிகளிடையே, கைம்பெண் மறுமணம் வழக்கத்தில் தடையன்று. மலையில் பெண்ணுக்குப் பொன்னுலகம் இருந்தது என்று கதை கட்ட வேண்டா; ஆனால் கணவன் இறந்தவள் மீண்டும் வாழலாம் என்ற ஒன்று இருந்தது. காசிபாய் புனாவிலே பிறவாமல் இந்த மலைச் சிற்றூரொன்றிலே பிறந்திருந்தால்? இன்னொருவனை மணந்திருப்பாள், குழந்தை மடியிலே வளர்ந்திருக்கும், வழக்குமில்லை, கப்பலுமில்லை. ஒரே பெண், ஒரே உடல், ஒரே இளமை. ஓரிடத்தில் திருமணம், ஓரிடத்தில் தீவாந்தரம். அவளைக் குற்றத்தில் தள்ளியது பிறவிக்கொடுமையன்று. அவளைச் சூழ்ந்த விதிமுறை.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. அம்மலையின் அடிவாரத்தில், சேலம் மாவட்டத்தில்தான், 1992-இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. புனாவில் தொட்டில் கட்டி 129 ஆண்டுகள் கழித்துச் சேலத்தில் தொட்டில்! அங்கே கைம்பெண் பெற்றது என்பதால் குழந்தை வேண்டாததாயிற்று. இங்கே பெண்ணாய்ப் பிறந்தது என்பதால் வேண்டாததாயிற்று. காரணம் மாறிற்று, பிடித்துத் தள்ளும் கை மாறவில்லை. இன்றும் சிசுக்கொலை வழக்கில் முதலில் இழுத்து வரப்படுவது பெற்றவளே. வரதட்சணை கேட்டவன் சாட்சிக் கூண்டுக்குக்கூட வருவதில்லை.

தமிழ் எழுத்து இத்துறையில் என்ன செய்திருக்கிறது? புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியை நமக்குத் தந்தது. அவள் கைதியல்லள், கூலியாகப் போனவள்; எனினும் பெயரோடும் ஊரோடும் வந்தாள். அந்தத் தொடக்கத்துக்குப் பின் தீவாந்தரம் போன பெண்ணை நம் எழுத்தாளர் எத்தனை பேர் தேடினர்? நூறு அரசிகளைக் கற்பனையிலே படைத்த நாம், ஒரு கைதியை ஏட்டிலே தேட மறந்தோம். 'தீவாந்தர தண்டனை' என்ற சொல் 1956 சனவரி முதல் தண்டச் சட்டத்தில் இல்லை. சொல் போயிற்று, அதன் கீழ் மிதிபட்டவர்களும் அதனோடு போய்விட வேண்டுமா?

படித்த இளைஞர் செய்யத்தக்க பணி இது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண நீதித்துறையின் பழைய ஏடுகள் இருக்கின்றன. அவற்றைத் திறப்பவர் மூன்றை நெஞ்சில் நிறுத்தட்டும். ஒருத்தியைக் கண்டால், அவளோடு கப்பலேறிய மற்றவர்களையும் தேடுக. அவள் குற்றத்தைப் படித்தால், அக்குற்றத்தை விளைவித்த வழக்கத்தையும் பெயர்சொல்லி எழுதுக. அவள் உன் குலமா என்று பாராதே.

குலத்தில் தேடினால் காசிபாய்க்கு ஒருவரும் இல்லை. தொட்டில் கட்டியவர்கள் அவளுக்கு வழித்தோன்றல்கள். தொட்டிலே தேவைப்படாத ஊரைச் சமைக்கப் போகிறவர்களும் அவளுக்கு வழித்தோன்றல்களே.